குண்டு விழுந்த இடம், மருத்துவமனை இல்லாத இடம்: சிகாகோவின் திறந்த தரவு நமக்குச் சொல்வது

சிகாகோ மாநகராட்சியின் இணையதளத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. 2001 தொடங்கி, சென்ற வாரம் வரை அந்நகரக் காவல்துறையில் பதிவான குற்ற நிகழ்வுகள் அதில் வரிவரியாகத் தரப்பட்டுள்ளன. இன்று அது 80 லட்சம் வரிகளைத் தாண்டிவிட்டது. நிகழ்வின் நாள், நேரம், குற்றத்தின் வகை, நடந்த தெருப்பகுதி, காவல் சரகம், அட்சரேகை, தீர்க்கரேகை, எவரேனும் கைது செய்யப்பட்டனரா என்ற விவரம் ஆகியவை ஒவ்வொரு வரியிலும் இருக்கும். வீட்டு எண் மட்டும் மறைக்கப்பட்டிருக்கும். கொலையுண்டவர்களுக்கும் துப்பாக்கிச் சூட்டில் காயமுற்றவர்களுக்கும் தனியே ஓர் அட்டவணை உண்டு. அதில் அவர்களுடைய வயது, பால், இனம் ஆகியவையும் குறிக்கப்பட்டுள்ளன. எவரும் கட்டணமின்றி இவற்றைத் தரவிறக்கிக்கொள்ளலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று யாரும் வினவுவதில்லை.

முதல் தகவல் அறிக்கையின் நகலுக்காகக் காவல் நிலைய வாசலில் நாள்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு இது பொறாமையூட்டும் செய்தி. ஆனால், பொறாமையோடு நின்றுவிடக் கூடாது. தரவு திறந்துவிடப்பட்டால் நீதி தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை நம் இயக்கங்களுக்குள்ளும் பரவி வருகிறது. சிகாகோவின் அனுபவம் அவ்வளவு எளிமையானது அன்று. ஒரே துப்பாக்கிச் சூடுகளை வைத்து அங்கே இரு வேறு வரைபடங்கள் வரையப்பட்டன. ஒன்று, ஒடுக்கப்பட்ட மக்களைச் சந்தேகத்திற்குரியோராகக் குறித்தது. மற்றொன்று, அம்மக்களுக்குச் சேர வேண்டியது எங்கே இல்லை என்பதைக் குறித்தது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு, வன்கொடுமை தடுப்புச் சட்டத்தோடு மன்றாடிக்கொண்டிருக்கும் நமக்கு நேரடியாகத் தேவைப்படுவது.

முதலில், அந்தத் தரவைக் கொண்டு எவரும் வரையக்கூடிய வரைபடத்தைப் பார்ப்போம். சிகாகோ 77 சமுதாயப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. 1920களில் சிகாகோ பல்கலைக்கழகச் சமூகவியலாளர்கள் வகுத்த எல்லைகள் இவை. துப்பாக்கிச் சூடுகளை இவற்றின்மேல் புள்ளிகளாக இட்டால், நகரின் தெற்குப் பகுதியும் மேற்குப் பகுதியும் சிவந்து எழும். வடக்கே ஏரிக்கரையோரம் ஏறக்குறைய வெறுமையாகக் கிடக்கும். நகர மக்கள்தொகையில் கறுப்பின மக்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கொலையுண்டோரிலோ நான்கில் மூன்று பங்குக்கும் மேல் அவர்களே. கால் நூற்றாண்டு காணாத அளவாக 2021இல் ஏறத்தாழ 800 கொலைகள் நடந்தன. 2024இல் அது 600க்குக் கீழே இறங்கியது. எண்ணிக்கை ஏறினாலும் இறங்கினாலும் சிவப்பு மட்டும் இடம் மாறவில்லை.

இந்தச் சிவப்பின்மேல் இன்னொரு பழைய வரைபடத்தை வைத்துப் பார்க்கலாம். 1930களில் அமெரிக்கக் கூட்டரசின் வீட்டு உரிமையாளர் கடன் கழகம் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களை நான்கு நிறங்களால் தரம் பிரித்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் கடன் கொடுக்க ஆபத்தானவை எனச் சிவப்பிடப்பட்டன. அந்த ஒரு வரைபடமே எல்லாவற்றையும் செய்துவிட்டது என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது; அது மிகை. கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகம் அப்பகுதிகளின் கடன்களுக்குக் காப்புறுதி தர மறுத்தது. வெள்ளையர் அல்லாதாருக்கு விற்க மாட்டோம் என்ற நிபந்தனையை வீட்டுப் பத்திரங்களிலேயே எழுதிவைத்தார்கள். அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 1948 வரை ஆயிற்று. அதன் பிறகும் பின்வாங்கல் நிற்கவில்லை. 2012இல் மாநகராட்சி நடத்திய 12 மனநல மருத்துவ நிலையங்களில் 6 மூடப்பட்டன. 2013இல் ஏறத்தாழ 50 அரசுப் பள்ளிகள் ஒரே வீச்சில் மூடப்பட்டன. அவற்றில் படித்தோர் பெரும்பாலும் கறுப்பினக் குழந்தைகள். குற்ற அட்டவணையில் இவை எவற்றுக்கும் பத்தி இல்லை. சுட்டவன் மேல் வழக்கு உண்டு. பள்ளியை மூடிய கையெழுத்துக்கு வழக்கு எண் கிடையாது.

ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் நிலத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எனவே, வரைபடம் செய்கின்ற தவறுகளுக்கு வருவோம்.

புள்ளிகளை மட்டும் இட்டால், மக்கள் அதிகம் வாழும் பகுதி வன்முறை மிகுந்ததாகத் தோன்றும். அதைத் தவிர்க்க மக்கள்தொகையால் வகுக்க வேண்டும். அப்போதும் வணிக மையப் பகுதியில் கணக்கு பிசகும்; அங்கே குடியிருப்போர் சிலர், பகலில் வந்துபோவோர் பல லட்சம். இதைவிடப் பெரிய தவறு, ஒரு பகுதி முழுவதையும் ஒரே நிறத்தால் நிரப்புவது. சமூகவியலாளர் ஆண்ட்ரூ பாப்பாகிரிஸ்டோசும் அவருடைய குழுவினரும் 2006 முதல் 2012 வரையிலான தரவுகளை ஆராய்ந்தனர். துப்பாக்கிக் காயமுற்றோரில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர், நகர மக்கள்தொகையில் 6 விழுக்காட்டுக்கும் குறைவான ஒரு சிறு தொடர்பு வட்டத்துக்குள் இருந்தனர். அதாவது, வரைபடத்தில் அடர்சிவப்பாகத் தெரியும் பகுதியிலும் ஆகப் பெரும்பாலோர் இந்த வன்முறையோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள். ஆனால், நிறம் எல்லார்மீதும்தான் பூசப்படுகிறது. வாடகைக்கு வீடு கேட்பவரும், வேலைக்கு விண்ணப்பிப்பவரும் அந்த நிறத்தைச் சுமந்தே நடக்கிறார்கள்.

மேலும், அட்டவணையில் இருப்பது குற்றம் அன்று. காவல்துறை பதிவுசெய்த குற்றம். கொலையை மறைப்பது கடினம் என்பதால் அந்தப் பத்தி ஓரளவு நம்பத்தக்கது. போதைப்பொருள் வழக்குகள் அப்படியல்ல; காவலர் எங்கே சுற்றுகிறாரோ அங்கேதான் அவை பதிவாகும். கைது உண்டா இல்லையா என்ற பத்தி இன்னொரு கதையைச் சொல்லும். கறுப்பினத்தவர் கொல்லப்பட்ட வழக்குகளில் துப்புத் துலங்கும் விகிதம், வெள்ளையர் கொல்லப்பட்ட வழக்குகளைவிட மிகக் குறைவு. ஒரே தெருவில் காவல்துறை மிகையாகவும் இருக்கிறது, இல்லாமலும் இருக்கிறது. நிறுத்திச் சோதனையிடுவதற்கு இருக்கிறது. கொலையாளியைக் கண்டுபிடிப்பதற்கு இல்லை.

இந்தத் தரவை வைத்துக் காவல்துறை என்ன செய்தது என்பதே கட்டுரையின் மையம். இடங்களைக் குறித்து முடித்த பின், அது மனிதர்களைக் குறிக்கத் தொடங்கியது. 2013 வாக்கில், சுடவோ சுடப்படவோ வாய்ப்புள்ளவர்கள் என ஒரு பட்டியல், இல்லினாய் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் வகுத்த கணக்கு முறையைக் கொண்டு உருவாக்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் 500 வரை மதிப்பெண். கடைசியாகக் கைதானபோது என்ன வயது, எத்தனை முறை வன்முறை வழக்கில் கைதானார், ஆயுத வழக்கு உண்டா, குண்டர் குழுத் தொடர்பு உண்டா என்பவற்றோடு, எத்தனை முறை அவரே சுடப்பட்டார், தாக்கப்பட்டார் என்பதும் மதிப்பெண்ணைக் கூட்டியது. சட்டம் படிப்பவர்கள் இந்த வரியை இருமுறை வாசிக்க வேண்டும். குண்டடி பட்டவர், குண்டடி பட்டதற்காகவே சந்தேகப் பட்டியலில் மேலேறினார். வன்கொடுமைப் புகார் கொடுத்த மறுநாளே புகார் கொடுத்தவர்மீது எதிர்வழக்குப் போடப்படும் நம் நீதிமன்ற வளாகங்களில், பாதிக்கப்பட்டவரைக் குற்றவாளியாக்குவதற்குக் கணினி தேவைப்பட்டதில்லை. சிகாகோவில் அதைக் கணக்காகச் செய்தார்கள். அதனால் அறிவியல் என்ற மரியாதையும் கிடைத்தது.

பட்டியலில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களின் வீடுகளுக்குக் காவலர்கள் சென்று எச்சரித்துவிட்டு வந்தனர். அப்படிக் காவலர்கள் வந்துபோனதாலேயே தம்மைக் காவல்துறையின் உளவாளி என்று அக்கம்பக்கத்தார் ஐயுற்றதாகவும், அதன் விளைவாக இருமுறை சுடப்பட்டதாகவும் மேற்குப் பகுதி இளைஞர் ஒருவர் பின்னர் பத்திரிகையாளர்களிடம் கூறினார். ராண்ட் ஆய்வு நிறுவனம் 2016இல் வெளியிட்ட மதிப்பீடு, 426 பேர் கொண்ட தொடக்கப் பட்டியலை எடுத்துக்கொண்டது. பட்டியலில் இருந்ததால் எவரும் சுடப்படாமல் காப்பாற்றப்படவில்லை என்றும், துப்பாக்கிச் சூட்டு வழக்குகளில் கைது செய்யப்படும் வாய்ப்புதான் அவர்களுக்குக் கூடியது என்றும் அது கண்டது. அதற்குள் பட்டியல் வீங்கிவிட்டது. 2017இல் பெயர்கள் நீக்கப்பட்டு மாநகராட்சியின் தரவுத் தளத்தில் வெளியானபோது, அதில் ஏறத்தாழ 4 லட்சம் பேர் இருந்தனர். மதிப்பெண் கணக்கில் இனம் சேர்க்கப்படவில்லை என்று அதிகாரிகள் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். வெளியான தரவைப் பத்திரிகையாளர்கள் கூட்டிப் பார்த்தபோது, நகரில் 30 வயதுக்கு உட்பட்ட கறுப்பின ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு மதிப்பெண் போடப்பட்டிருந்தது தெரியவந்தது. சாதிப் பெயரைக் கேட்காமல் தெருப் பெயரைக் கேட்டாலே போதும் என்பது நமக்குத் தெரியாததா? 2019 நவம்பரில் அந்தப் பட்டியல் கைவிடப்பட்டது.

துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டறியும் ஷாட்ஸ்பாட்டர் ஒலிவாங்கிகளின் கதையும் இதே வழியில் சென்றது. 2018இல் 3.3 கோடி டாலர் ஒப்பந்தம். 22 காவல் மாவட்டங்களில் 12இல், அதாவது கறுப்பின, லத்தீன் மக்கள் மிகுந்த மாவட்டங்களில், இவை பொருத்தப்பட்டன. 2020 சனவரி முதல் 2021 மே வரை துப்பாக்கிச் சத்தம் என உறுதிசெய்யப்பட்ட 50,176 எச்சரிக்கைகளை நகரின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் ஆராய்ந்தது. துப்பாக்கிக் குற்றத்திற்கான சான்று கிடைத்தவை 4,556 மட்டுமே. எச்சரிக்கை அடிக்கடி வரும் பகுதி என்ற எண்ணமே அங்கு நடப்பவர்களை நிறுத்திச் சோதனையிடக் காரணமாகக் காட்டப்பட்டதையும் அவ்வறிக்கை பதிவுசெய்தது. கருவி எங்கே இருக்கிறதோ அங்கேதான் சத்தம் பதிவாகும்; பதிவான இடத்திற்கே மறுபடியும் காவலர் செல்வார். 2024 செப்டம்பரில் ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது.

இனி, இரண்டாவது வரைபடம். சிகாகோ பல்கலைக்கழக மருத்துவமனை நகரின் தெற்குப் பகுதியில் இருக்கிறது. குண்டடி, விபத்து போன்ற கடுங்காயங்களுக்கு உடனடி அறுவை செய்யும் ட்ராமா மையத்தைப் பெரியவர்களுக்காக நடத்திவந்த அம்மருத்துவமனை, செலவைக் காரணம் காட்டி 1988இல் அதை மூடியது. அடுத்த சில ஆண்டுகளில் தெற்குப் பகுதியில், நகர எல்லைக்குள், அத்தகைய மையம் ஒன்றுகூட இல்லாமற்போனது. 2010இல் அம்மருத்துவமனைக்குச் சில தெருக்கள் தள்ளிச் சுடப்பட்ட 18 வயது இளைஞர் ஒருவர், பல மைல்கள் கடந்து நகர மையத்திலிருந்த வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டு இறந்தார். அவர் ஏற்கெனவே இளைஞர் அமைப்பொன்றைத் தொடங்கி நடத்திவந்தவர். அவருடைய தோழர்களும் தாயாரும் போராட்டத்தைத் தொடங்கினர்.

இந்தப் போராட்டத்திற்குத் தரவு துணை வந்தது. 1999 முதல் 2009 வரை குண்டடி பட்டுச் சிகிச்சைக்கு வந்த 11,744 பேரின் விவரங்களை மருத்துவர் மேரி கிராண்டலும் உடன் ஆய்வாளர்களும் வரைபடத்தில் இட்டு, 2013இல் முடிவுகளை வெளியிட்டனர். ட்ராமா மையத்திலிருந்து 5 மைலுக்கு அப்பால் சுடப்பட்டவர்கள் இறக்கும் வாய்ப்பு அதிகம் என்பது அதில் நிறுவப்பட்டது. அதே குண்டுகள், அதே உடல்கள். ஆனால், இந்த வரைபடத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்றது தெருவோ இளைஞரோ அல்ல, தூரம். சாலை மறியல், முற்றுகை, கைதுகள் எனச் சில ஆண்டுகள் ஓடின. பல்கலைக்கழகம் முதலில் மறுத்தது, 2015இல் இறங்கிவந்தது. 2018 மே 1 அன்று அதே மருத்துவமனையில் பெரியவர்களுக்கான ட்ராமா மையம் திறக்கப்பட்டது. வரைபடம் மட்டும் இதைச் சாதிக்கவில்லை. அது சாலையில் அமர்ந்தவர்களின் கையில் ஒரு சான்றாவணமாக இருந்தது. சான்றாவணத்தின் மதிப்பு, வழக்கு நடத்தும் எவருக்கும் தெரியும்.

தரவு திறந்திருப்பது நகர நிர்வாகத்தின் பெருந்தன்மை என்றும் எண்ணிவிடக் கூடாது. குற்ற அட்டவணையைத் தாராளமாகத் தந்த அதே நகரம், காவலர்கள்மீதான புகார்ப் பதிவேடுகளைத் தர மறுத்தது. பத்திரிகையாளர் ஜேமி கால்வென் வழக்குத் தொடுத்து, அவை பொது ஆவணங்களே என்ற தீர்ப்பை 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் பெற்றார். அதே ஆண்டு லாக்வான் மெக்டொனால்டு என்ற 17 வயதுக் கறுப்பின இளைஞரைக் காவலர் ஒருவர் 16 முறை சுட்டுக் கொன்றார். அதன் காணொளி 2015 நவம்பரில் வெளிவந்ததும் நீதிமன்ற ஆணையால்தான். 2017 சனவரியில் அமெரிக்க நீதித்துறை அமைச்சகம் வெளியிட்ட அறிக்கை, சிகாகோ காவல்துறை வெள்ளையர்மீது பயன்படுத்துவதைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு கறுப்பினத்தவர்மீது பலப்பிரயோகம் செய்வதாகக் கூறியது. தெருவைக் குறித்த தரவு கேட்காமலே கிடைத்தது. சீருடையைக் குறித்த தரவு வழக்காடித்தான் கிடைத்தது.

துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இன்றும் முழு விடை பொதுவெளியில் இல்லை. கைப்பற்றப்படும் துப்பாக்கிகளின் விற்பனைத் தடத்தைக் கூட்டரசு முகமை பின்தொடர்கிறது. ஆனால், 2003 முதல் டியார்ட் திருத்தம் என்ற சட்டப்பிரிவு அந்தத் தரவைப் பொதுமக்களுக்கு வெளியிடுவதைத் தடுக்கிறது. சிகாகோ மாநகராட்சி தன்னிடமிருந்த அளவைக் கொண்டு 2017இல் வெளியிட்ட அறிக்கைப்படி, கைப்பற்றிய துப்பாக்கிகளில் ஏறத்தாழ 60 விழுக்காடு இல்லினாய் மாநிலத்திற்கு வெளியே முதலில் விற்கப்பட்டவை. ஐந்தில் ஒன்று பக்கத்து மாநிலமான இண்டியானாவிலிருந்து வந்தது. குண்டு பாய்ந்த தெருவுக்கு அட்சரேகை உண்டு. துப்பாக்கியை விற்ற கடைக்கு இல்லை.

இதே சிகாகோவோடு தொடர்புடைய ஐடா பி. வெல்ஸ், 1895இல் 'சிவப்புப் பதிவேடு' என்ற நூலை வெளியிட்டார். கறுப்பின மக்களைக் கும்பல்கள் அடித்தும் எரித்தும் தூக்கிலிட்டும் கொன்ற நிகழ்வுகளை ஆண்டுவாரியாக, சாட்டப்பட்ட காரணத்தோடு அவர் தொகுத்தார். அவர் எடுத்தாண்ட எண்கள் 'சிகாகோ ட்ரிப்யூன்' என்ற வெள்ளையர் நாளேடு வெளியிட்டவை. மிகைப்படுத்துகிறார் என்று எவரும் சொல்லிவிட முடியாதபடி. அவர் வரிசைப்படுத்தியது கொல்லப்பட்டவர்களின் 'குற்றங்களை' அன்று. கொன்றவர்கள் சொன்ன பொய்க் காரணங்களை.

நம் சட்டத்திலும் ஒரு வரைபடம் ஒளிந்துகொண்டிருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமை தடுப்பு விதிகள் 1995இன் 3ஆம் விதி, வன்கொடுமை நிகழக்கூடும் என்றோ மீண்டும் நிகழும் என்றோ நம்பக் காரணமுள்ள பகுதிகளை மாநில அரசு அடையாளங்காண வேண்டும் என்கிறது. அதே விதி துப்பாக்கியைப் பற்றியும் பேசுகிறது என்பதை நம் தோழர்களில் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். அப்பகுதிகளில் தேவையெனில் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதாரின் ஆயுத உரிமங்களை நீக்கி ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்யலாம். சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்யலாம். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிமம் வழங்கலாம். அதாவது, இந்த விதி குறிக்கச் சொல்வது ஆதிக்கத்தின் இருப்பிடத்தை, சேரியை அன்று. நடைமுறையில் 'பதற்றமான பகுதி' என்ற சொல்லோடு காவல் முகாம் அமைவதும், கேமராக்கள் பொருத்தப்படுவதும் பெரும்பாலும் எந்தத் தெருவின் முனையில் என்பதை வாசகர்களே அறிவர்.

சிகாகோவின் பட்டியலுக்கு நம்மிடமும் உறவு முறை உண்டு. 1871இன் குற்றப்பரம்பரைச் சட்டம் பிறப்பையே மதிப்பெண்ணாக்கியது. அது போன பின்னும் காவல் நிலையங்களின் சரித்திரப் பதிவேடுகள் தொடர்கின்றன. ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த அப்பாவிகள் எந்திரத்தனமாக இப்பதிவேடுகளில் சேர்க்கப்படுவதாகக் கூறப்படுவதைச் சுட்டிக்காட்டிய உச்ச நீதிமன்றம், இவற்றை மறுஆய்வு செய்யுமாறு 2024 மே மாதம் அமானதுல்லா கான் வழக்கில் எல்லா மாநிலங்களுக்கும் தானாகவே ஆணையிட்டது. தில்லி காவல்துறை இஸ்ரோவின் துணையோடு குற்ற வரைபட மென்பொருளை ஏற்கெனவே உருவாக்கிவிட்டது. அதற்குள் செல்லும் தரவு எந்தப் பதிவேட்டிலிருந்து எடுக்கப்படுகிறது என்று கேட்க வேண்டியது நம் வேலை.

2024 அக்டோபரில் சுகன்யா சாந்தா வழக்கில் சிறைப் பதிவேடுகளிலிருந்து சாதிப் பத்தியை நீக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்படியானால் நாமே சாதிவாரித் தரவு கேட்பது முரணல்லவா என்று மாணவர்கள் சிலர் வினவுகிறார்கள். முரண் இல்லை. சிறைப் பதிவேட்டில் சாதி, வேலை பிரித்துக் கொடுப்பதற்காக எழுதப்பட்டது. நாம் கேட்பது, அரசு தன் கடமையைச் செய்ததா என்று அளப்பதற்காக. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022இல் பட்டியல் சாதியினருக்கு எதிரான 57,582 வழக்குகளைக் கணக்குக் காட்டியது. விகிதத்தை வகுக்க அது பயன்படுத்துவது 2011 மக்கள்தொகைக் கணக்கு. குற்றம் சாட்டப்பட்டவர் எந்தச் சாதி என்ற பத்தி அதில் இல்லை, கிராமம் இல்லை. எண்ணிக்கை ஏறினால் 'வன்கொடுமை மாநிலம்' என்று தலைப்பிடுகிறோம்; புகாரைப் பதிவுசெய்ய மறுக்கும் மாநிலம் தப்பித்துக்கொள்கிறது.

ஆகவே, நாம் கேட்க வேண்டிய பத்திகள் வேறு. புகார் கொடுத்த நாளும் வழக்குப் பதிந்த நாளும். துணைக் கண்காணிப்பாளர் விசாரித்தாரா. 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலானதா. ஏழு நாளுக்குள் தீருதவி சேர்ந்ததா. எதிர்வழக்கு எந்த நாளில் போடப்பட்டது. சிறப்பு நீதிமன்றம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் கண்காணிப்புக் குழு சனவரியிலும் சூலையிலும் கூட வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை. அக்கூட்டங்கள் நடந்தனவா, குறிப்பு எங்கே? 3ஆம் விதியின் கீழ் அடையாளங்கண்ட கிராமங்களின் பட்டியலையும் இக்குறிப்புகளையும் அரசு தானாகவே வெளியிட வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவைக் காட்டிக் கேட்கலாம். ஒரு வட்டத்தை எடுத்துக்கொண்டு நான்கைந்து சட்டக் கல்லூரி மாணவர்கள் ஓராண்டில் இதைத் தொகுத்துவிட முடியும்.

ஒன்றை மட்டும் தொடங்கும் முன்பே முடிவுசெய்ய வேண்டும். சிகாகோவில் வீட்டு எண்ணை மறைத்துத் தெருப்பகுதியைக் காட்டினால் ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஒரு தெருப்பகுதியில் நூற்றுக்கணக்கானோர் வாழ்கிறார்கள். நம் கிராமத்தில் சேரி ஒன்றே. வழக்குத் தொடுத்த குடும்பமும் பல நேரம் ஒன்றே. கிராமப் பெயரையும் நாளையும் இட்டாலே சாட்சியின் வீட்டுக் கதவைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். சாட்சிகளின் அடையாளத்தையும் முகவரியையும் மறைக்க ஆணையிடும் அதிகாரத்தை 15அ பிரிவு நீதிமன்றத்திற்குத் தருகிறது. தீர்ப்பு வராத வழக்குகளை வட்ட அளவிலும், தீர்ப்பு வந்தவற்றைப் பாதிக்கப்பட்டவரின் ஒப்புதலோடு மட்டும் கிராம அளவிலும் குறிப்பது என்பது என் பரிந்துரை. காவல் நிலையங்களையும் நீதிமன்றங்களையும் ஆட்சியர் அலுவலகங்களையும் எந்த மறைப்பும் இன்றிப் பெயரோடு குறிக்கலாம்.